பதினாலாம் நம்பர் பனியன்

ஷில்வேனை
28 செப்டம்பர் 2003

அன்புள்ள அண்ணன் எவால்தாஸுக்கு,

தம்பி லினாஸ் எழுதுகிறேன். இங்கே எல்லாரும் சுகம். சின்னவளுக்கு மட்டும் பள்ளிக்கூடம் திறந்ததும் வழக்கமான சளி. உன் முட்டி எப்படி இருக்கிறது? அயர்லாந்துக் கடல்காற்று அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். காது கொஞ்சமாவது தேவலையா? ஃபோனில் நான் கத்துவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கிறது, உனக்குக் கேட்பதில்லை. அதனால் கடிதமே நல்லது.

மே மாதம் என் கடைசிக் கூடைப்பந்து மேட்சை ஆடி முடித்த பிறகு சனிக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியவில்லை. வாரநாளில் பால் லாரி ஓட்டுகிறேன். சனிக்கிழமை ஆப்பிள் பொறுக்குகிறேன். என் பெண்டாட்டி, "உனக்குப் பந்து இல்லாட்டி கை அரிக்குது, அதுக்கு ஆப்பிளாவது பொறுக்கு" என்கிறாள்.

விஷயத்துக்கு வருகிறேன். கிளப் தலைவர் யுர்குடிஸ் பால் இறக்கும் இடத்துக்கே வந்து என்னைப் பிடித்தார்.

"கர்னிஸ், பதினாலாம் நம்பர் பனியனை அரங்கத்துக் கூரையில ஏத்திடலாம்னு கமிட்டியில முடிவாயிருச்சு. இனிமே அந்த நம்பரை யாருக்கும் குடுக்கறதில்ல."

"இருக்கறதே நாலுலேருந்து பதினஞ்சு வரைக்கும் பன்னெண்டு நம்பர். இப்படி ஒவ்வொண்ணா மேல கட்டினா கடைசில பசங்க நம்பர் இல்லாமத்தான் ஆடணும்" என்றேன்.

"அந்தக் கவலை உனக்கெதுக்கு? புதுப் பனியன் வேண்டாம். உங்கம்மா கையால தெச்ச முதல் பனியன் இருக்குல்ல, அதைக் கொண்டா."

அந்தப் பனியன் உன்னிடம்தான் இருக்கிறது. நீ ஊரை விட்டுப் போனபோது பஸ் நிலையத்தில் உன் பைக்குள் திணித்தேனே. பிப்ரவரி 16, சுதந்திர தினத்து மேட்சுக்கு முன்னால் ஏற்றுகிறார்கள். அதற்குள் அனுப்பிவைத்தால் போதும்.

வேளாவேளைக்குச் சாப்பிடு. குளிர் அறைக்குள் போகும்போது முட்டிக்குக் கம்பளி சுற்றிக்கொள்.

உன் தம்பி,
லினாஸ்


கில்லிபெக்ஸ், அயர்லாந்து
14 அக்டோபர் 2003

டேய் தம்பி,

நான் நன்றாக இருக்கிறேன். முட்டி மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது, இங்கே தினமும் மழை என்பதால் தினமும் சொல்கிறது. சின்னவளுக்குத் தேனும் பூண்டும் கொடு.

உன் கடிதத்தை மீன் ஃபாக்டரிக் குளிர் அறையில் நின்றே படித்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது. குளிரால் என்று பக்கத்தில் இருந்தவனிடம் சொல்லிவைத்தேன்.

பாரேன், பத்து வருஷம் கழித்து என்னை நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்றரை சீசன் ஆடினவன் நான். அந்த ஒன்றரை சீசனை ஊர் மறக்கவில்லை. யுர்குடிஸைக் கஞ்சன் என்று எத்தனை தடவை திட்டியிருப்பேன், அத்தனையும் வாபஸ்.

லீக் ஆரம்பித்த அந்த முதல் குளிர்காலம் ஞாபகம் இருக்கிறதா? அரங்கத்தில் கணப்பு கிடையாது. பந்து குளிரில் விறைத்துத் தரையில் எழும்பவே எழும்பாது. அம்மா சீஸ் ஃபாக்டரி பாய்லர் பக்கத்தில் அதைச் சுடவைத்து, கோட்டுக்குள் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஓடிவருவாள். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன் எல்லாம் அரைக் கால்சட்டையோடு கம்பளி பூட்ஸ். பாதிச் சம்பளத்தை வெண்ணெயாகக் கொடுத்தார்கள், நாம் மூன்று மாதம் எல்லாவற்றையும் வெண்ணெயில் வறுத்துத் தின்றோம். கவுனாஸ் ஊர்க்காரப் பெரிய டீம் வந்து, மூக்கைச் சுளித்துக்கொண்டு ஓவர்கோட்டோடு வார்ம்அப் செய்தது. அவர்களைத் தோற்கடித்தபோது ஜனங்கள் மரக் கரண்டிகளைத் தட்டினார்களே, நாரை அலகு தட்டுகிற மாதிரி. நமக்குக் கர்னிஸ் என்று நாரைப் பேர் வைத்த முப்பாட்டனுக்கு அன்றைக்கு நன்றி சொன்னேன். எனக்கு இப்போது வேறு எந்தச் சத்தமும் சரியாகக் கேட்பதில்லை, அது மட்டும் கேட்கிறது.

பனியனைத் தபாலில் போட மாட்டேன். நானே எடுத்துக்கொண்டு வருகிறேன். எட்டு வருஷமாக ஊர்ப்பக்கம் வராததற்கு இப்போது ஒரு காரணம் கிடைத்தது. நீ என் பக்கத்தில் நின்று என் ஓவர்கோட்டைப் பிடித்துக்கொள். வருத்தப்படாதே, உன் முறையும் வரும். அதற்குள் நம்பர் மிச்சம் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

எல்லாருக்கும் என் அன்பு. கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கு என் பேரில் ஒரு விளக்கு வை.

எவால்தாஸ்


ஷில்வேனை
25 அக்டோபர் 2003

அன்புள்ள நியோலே அக்காவுக்கு,

நலம்தானே? அத்தானுக்கு ரத்த அழுத்தம் இறங்கியதா? துறைமுகக் கேண்டீனில் உனக்கு இன்னும் காலை ஷிஃப்ட்தானா?

ஃபோனில் சொன்னால் நீ திட்டி முடிப்பதற்குள் கார்டில் காசு தீர்ந்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

பதினாலாம் நம்பரை எனக்காகத்தான் மேலே ஏற்றுகிறார்கள். எட்டு சீசன், அந்த மூன்றாம் இடத்து வெண்கலம், அதற்காக. கமிட்டித் தாளில் தெளிவாக இருக்கிறது: லினாஸ் கர்னிஸ். ஆனால் பழைய பனியன் அண்ணனிடம் இருக்கிறது. "எனக்கு மரியாதை செய்கிறார்கள், நீ போட்டுக்கொண்டிருந்ததை அனுப்பு" என்று அவனுக்கு எப்படி எழுதுவது? நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். கடைசியில் யாருக்கு என்பதை எழுதாமலே அனுப்பினேன். அவனாகப் புரிந்துகொள்வான் என்று நினைத்தேன்.

அவன் தனக்கு என்று புரிந்துகொண்டான். வரப்போகிறானாம். இதோடு அவன் கடிதத்தையும் வைத்திருக்கிறேன், படித்துப் பார். நானாக அந்த நம்பரைக் கேட்டேனா அக்கா? நான் ஒன்பது கேட்டேன். அண்ணன் முட்டி உடைந்து ஆஸ்பத்திரிக்குப் போன வாரம், "கர்னிஸ்னு உங்கம்மா ஏற்கனவே தெச்சு வெச்சிருக்கா, வேற பனியனுக்குத் துணி இல்ல, இதையே மாட்டு" என்று கோச் என் தலைவழியே இறக்கினார். அவன் உடம்புச் சூடே அதில் இருந்த மாதிரி எனக்கு இருந்தது.

என்ன செய்யட்டும், சொல்.

லினாஸ்


க்ளைப்பெதா
3 நவம்பர் 2003

லினாஸ்,

அத்தான் உப்பைக் குறைக்காமல் ரத்த அழுத்தத்தை மட்டும் குறைக்கப் பார்க்கிறார். மற்றபடி சுகம். நேற்று மாமியார் கல்லறைக்குப் போய்விட்டு வந்தோம், கால் இன்னும் சூடாகவில்லை.

அவன் கடிதத்தைப் படித்து அழுதேன். பிறகு உன்மேல் கோபம் வந்தது. வாயைத் திறக்க வேண்டிய இடத்தில் ஊமையாக இருப்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். அம்மா கேட்டால்கூடத் தரையைப் பார்ப்பாய். உடனே எழுது. ஒவ்வொரு வாரம் தள்ளிப்போடும்போதும் அவன் மனசுக்குள் அந்தப் பனியன் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். அரங்கத்துக்கு வந்து, எல்லார் முன்னாலும் உன் பேரை வாசிக்கக் கேட்க வேண்டுமா அவன்? அவன் வாழ்க்கையில் நடந்த ஒரே நல்ல காரியம் அந்த ஒன்றரை சீசன். அதற்குப் பிறகு மீன்தான்.

நீ சொல்லாவிட்டாலும் நான் சொல்ல மாட்டேன். அது உன் வேலை.

பிள்ளைகளுக்கு முத்தம். தொப்பி போடாமல் லாரி ஓட்டாதே.

நியோலே


ஷில்வேனை
9 நவம்பர் 2003

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் சுகம் அறிய எழுதுகிறேன். சின்னவள் சளி போய்விட்டது, இப்போது எனக்கு வந்திருக்கிறது.

உன் பேரில் அம்மா கல்லறையில் விளக்கு வைத்தேன். காற்று பலமாக இருந்தும் அது அணையவில்லை. ஃபாக்டரி பாக்கிங் பிரிவில் அம்மாவோடு வேலை பார்த்த ஓனா கிழவி வந்திருந்தாள். "மூத்தவன் எப்படிப்பா இருக்கான்?" என்று கேட்டாள். நன்றாக இருக்கிறான் என்றேன்.

விழாவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். வெண்கலம் வாங்கிய டீமில் இருந்த எல்லாரையும் கூப்பிடுகிறார்கள். அந்த டீமையும் கொஞ்சம் நினைவுபடுத்துகிற மாதிரிதான் நிகழ்ச்சி. நீ வேலையை விட்டுவிட்டுக் குளிரில் இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று யோசித்துக்கொள். பனியனைத் தபாலில் போட்டாலும் பத்திரமாக வந்துவிடும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

லினாஸ்


கில்லிபெக்ஸ்
1 டிசம்பர் 2003

அன்புள்ள தம்பி,

எனக்குக் குறை ஒன்றும் இல்லை. உன் சளிக்கு மார்பில் சூடான உருளைக்கிழங்கு கட்டு, அம்மா செய்வது மாதிரி.

வர வேண்டுமா என்று கேட்கிறாய். என்ன கேள்வி இது? டிக்கெட் எடுத்துவிட்டேன். ஃபோர்மன் பேட்ரிக்கிடம் லீவு கேட்டபோது விஷயத்தைச் சொன்னேன். அவன் மெஷினை நிறுத்தி எல்லாரையும் கூப்பிட்டான். "இந்தப் பய நாட்டுல பெரிய ஆட்டக்காரனா இருந்திருக்கான், நம்மகிட்ட வாயே திறக்கலை பாருங்க" என்றான். ஒரு கேக்கும் வாங்கி வெட்டினார்கள். எட்டு வருஷமாக என்னை அவர்களுக்கு நொண்டி என்றுதான் தெரியும்.

வெண்கல டீமைக் கூப்பிடுவது நல்லதுதான். நீயும் அதில் இருந்தாயே, மேடையில் உனக்கும் ஒரு ஓரம் கிடைக்கும்.

மைக்கில் இரண்டு வார்த்தை பேசச் சொல்வார்கள் இல்லையா? எழுதி வைத்திருக்கிறேன். அம்மாவும் சூடான பந்தும் அதில் வருகிறார்கள். ஒரு விவரம் மட்டும் கேட்டுச் சொல். பெரிய ஊர்களில் பனியனுக்குக் கீழே வருஷம் எழுதுகிறார்களே, நம் அரங்கத்தில் எந்த வருஷத்திலிருந்து எந்த வருஷம் என்று போடுகிறார்கள்? 93 முதல் 95 வரை என்று பார்க்க ரொம்பச் சின்னதாக இருக்குமோ?

பதிலைச் சீக்கிரம் போடு. காகிதம் மாதிரி மெல்லிய கிறிஸ்துமஸ் அப்பத்தை உறையில் போட்டு அனுப்ப மறக்காதே, அந்த இரவுச் சாப்பாட்டில் நான் தனியாகப் பிட்டாலும் நம் ஊர்க் கோயில் அப்பமாக இருக்க வேண்டும்.

எவால்தாஸ்


க்ளைப்பெதா
4 ஜனவரி 2004

லினாஸ்,

புத்தாண்டு வாழ்த்து. எங்கள் சுகத்துக்குக் குறைவில்லை, உன்னைப் பற்றித்தான் கவலை.

எவால்தாஸ் எனக்கு எழுதியிருக்கிறான். நீ அனுப்பிய உறையில் அப்பம் மட்டும் இருந்ததாம், ஒரு வரி எழுத்து இல்லையாம். உறையைக் கிழித்து உள்பக்கம்கூடப் பார்த்தானாம். "லினாஸுக்கு உடம்பு சரியில்லையா, என்கிட்ட மறைக்கறீங்களா?" என்று கேட்கிறான். உனக்கு ஏதோ பெரிய வியாதி என்று பயந்துபோயிருக்கிறான். தனக்கு மரியாதை என்று நினைத்துச் சந்தோஷப்பட்டவன் இப்போது உனக்காகக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருக்கிறான்.

இதற்கு மேல் நான் என்ன எழுத?

நியோலே


ஷில்வேனை
12 ஜனவரி 2004

அன்புள்ள அக்கா,

நான் நன்றாகத்தான் இருக்கிறேன், அதுதான் வெட்கம்.

நேற்று தலைவரைப் போய்ப் பார்த்தேன். பனியனை அண்ணன் பேருக்கு மாற்றிவிடுங்கள் என்றேன்.

"ஒண்ணரை சீசன்பா. கமிட்டி ரூல்படி அஞ்சு சீசனாவது ஆடியிருக்கணும்."

"முட்டி ஒடைஞ்சவனுக்கு என்ன ரூல்?"

"முட்டி ஒடைஞ்சவனுக்கெல்லாம் ஏத்தினா கூரை தாங்காது, லினாஸ். நல்ல ஆட்டக்காரன்தான், நான் இல்லைன்னு சொல்லலை. ஆனா இது உனக்கு."

"அப்ப வருஷமாவது போடாம விட்டுருங்க. கர்னிஸ்னு மட்டும் இருக்கட்டும்."

"வருஷம் இல்லாமலா? கல்லறைக்கே வருஷம் போடறோம்."

பனியனுக்குக் கீழே கட்டும் துணியைக் காட்டினார். வெள்ளைத் துணியில் கறுப்பு எழுத்து: கர்னிஸ், 1995–2003. பெயிண்ட் காய்ந்துவிட்டது.

எனக்கு அந்த மரியாதை வேண்டும் அக்கா. வேண்டாம் என்று சொன்னால் பொய். எட்டு வருஷம் ஓடியிருக்கிறேன். அண்ணனிடமிருந்து பிடுங்காமல் வேண்டும், அது முடியவில்லை. நாளைக்கு எழுதிவிடுகிறேன்.

லினாஸ்


ஷில்வேனை
13 ஜனவரி 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

எனக்கு வியாதி ஒன்றும் இல்லை. பயப்படாதே. உன் முட்டியும் காதும் நலமாக இருக்கட்டும்.

அந்தப் பனியனை எனக்காக ஏற்றுகிறார்கள். முதல் கடிதத்திலேயே சொல்லியிருக்க வேண்டும், வாய் வரவில்லை. வருஷம் 1995 முதல் 2003 வரை என்று எழுதியிருக்கிறார்கள். உன் பேருக்கு மாற்றச் சொல்லிக் கேட்டேன், முடியாது என்றார்கள்.

என்மேல் கோபம் இருந்தால் எழுது. அன்றைக்கு உன் பனியனை நான் போட்டுக்கொண்டபோது கோபம் இருந்ததா என்றும் எழுது. இத்தனை வருஷமாகக் கேட்கவில்லை.

லினாஸ்


கில்லிபெக்ஸ்
1 பிப்ரவரி 2004

தம்பி லினாஸுக்கு,

வியாதி இல்லை என்று படித்ததும் உட்கார்ந்துவிட்டேன். மற்றது பிறகுதான் மண்டையில் ஏறியது.

பார்சலில் பனியன் இருக்கிறது. கையால் துவைத்து நிழலில் காயவைத்தேன். மீன் வாடை கொஞ்சம் இருக்கலாம், மன்னித்துக்கொள்.

நான் வரவில்லை. தவக்காலம் நெருங்குகிறது, இந்த ஊர்க்காரர்கள் சாம்பல் புதனிலிருந்து மீனாகத் தின்பார்கள். ஃபாக்டரியில் லீவு எல்லாம் ரத்து.

கோபம் இருந்ததா என்று கேட்டாய். அன்றைக்கு எங்கள் வார்டில் ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. காலைக் கயிற்றில் தூக்கிக் கட்டியிருந்தார்கள். "கர்னிஸ் போட்டான்" என்றது ரேடியோ. பக்கத்துக் கட்டில் பெரியவர் என் தலைமாட்டுச் சீட்டைப் படித்துவிட்டு, "கர்னிஸ் இங்கல்ல படுத்திருக்கான், அங்க போட்டது யாரு?" என்றார். வார்டே சிரித்தது, நானும் சிரித்தேன். அப்புறம் ஒவ்வொரு தடவை உன்னைச் சொல்லும்போதும் என் கை போர்வைக்குள் தானாக எழும்பியது. நீ போட்ட ஒவ்வொரு கூடைக்கும் வயிறு எரிந்தது. ஒன்று தவறினாலும் ரேடியோவை உடைக்கலாம் போலவும் இருந்தது. எட்டு சீசனும் அப்படித்தான். நீ அனுப்பிய பேப்பர் துண்டு எல்லாம் என்னிடம் இருக்கிறது.

ஒரே ஒரு உதவி. இங்கே எல்லாரும் கேக் தின்றுவிட்டார்கள், இனிமேல் மாற்றிச் சொல்ல எனக்கு முகம் இல்லை. பனியன் மேலே ஏறியதும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பின்பக்கமாக எடு. பேரும் பதினாலும் மட்டும் தெரிந்தால் போதும். வருஷம் எழுதிய துணி முன்பக்கம்தானே இருக்கும்.

நேராக நில், கூன் போடாதே. பிள்ளைகளுக்கு என் அன்பு.

எவால்தாஸ்


ஷில்வேனை
20 பிப்ரவரி 2004

அன்புள்ள அண்ணனுக்கு,

எல்லாரும் சுகம். நியோலே அக்கா அத்தானோடு வந்து நான்கு நாள் தங்கி, என்னைத் தவணை முறையில் திட்டிவிட்டு இன்றைக்குத்தான் போனாள். உன் முட்டிக்கு ஓர் ஆட்டுரோமப் பட்டை பின்னிக்கொண்டிருக்கிறாள்.

பதினைந்தாம் தேதி மத்தியானம் அரங்கத்துச் சாமான் அறைச் சாவியை வாங்கினேன். பனியனைத் துணியோடு சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லித்தான் வாங்கினேன். ஃபாக்டரி லேபிள் பிரிவிலிருந்து கறுப்புப் பெயிண்டும் வெள்ளைப் பெயிண்டும் கொண்டுபோயிருந்தேன். ஐந்தை மூன்றாக்குவது பெரிய வேலை இல்லை. இடதுபக்கக் கோட்டை வெள்ளையால் மறைத்து, வலதுபக்கம் ஒரு கோடு இழுத்தால் ஆயிற்று. அவசரத்தில் அது கொஞ்சம் வயிறு பெருத்த மூன்றாக வந்திருக்கிறது.

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. கயிற்றை நான்தான் இழுத்தேன். தலைவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார், பார்த்துக்கொண்டே இருந்தார். மைக்கை அணைக்க மறந்துவிட்டார்.

"டேய், யாருடா இது பண்ணினது? தொண்ணூத்தி மூணுல நீ பள்ளிக்கூடம்ல போயிட்டிருந்தே?"

அரங்கம் பூராவும் கேட்டது. நானும் மைக்குப் பக்கத்தில்தான் நின்றேன்.

"நான் பள்ளிக்கூடம் போயிட்டிருந்தேன். பனியன் ஆடிட்டிருந்துச்சு."

மூன்றாவது வரிசையிலிருந்து ஓனா கிழவி எழுந்து நின்றாள்.

"ஏம்பா யுர்குடிஸ், அவன் சரியாத்தானே சொல்றான்? மூத்தவன் போட்டுக்கிட்டதுதானே அது? அவன் கவுனாஸ்காரனுங்களை விரட்டினப்ப நீ எம்பக்கத்துல உக்காந்து கத்தினியே, மறந்துபோச்சா?"

தலைவர், "மறக்கலை" என்றார். "இருந்துட்டுப் போகட்டும்."

அப்புறம் கரண்டிகள் ஆரம்பித்தன. வழக்கமாகக் கர்னிஸ் என்றுதானே கத்துவார்கள்? அன்றைக்கு அப்படிக் கத்தவில்லை. பின்வரிசையில் யாரோ, "எவால்தாஸ்" என்றான். உன்னோடு ஆடின பழைய ஆட்களாக இருக்கும். அப்புறம் எல்லாரும் உன் பேரைச் சொல்லிக் கத்தினார்கள், நீ ஆடிப் பார்த்திராத சின்னப் பயல்கள்கூட. நான் கயிற்றைப் பிடித்தபடியே அழுதேன். நியோலே அக்கா வெளிப்படையாகவே அழுதாள்.

போட்டோ இதற்குள் வைத்திருக்கிறேன். நீ சொன்ன மாதிரி பின்பக்கமாக எடுக்கவில்லை, முன்பக்கம்தான். வருஷம் நன்றாகத் தெரிகிறது: 1993–2003. பேட்ரிக் கேட்டால், இவ்வளவு காலம் தனியாக ஆட முடியாது, பாதியில் தம்பியை இறக்கினேன் என்று சொல்.

உன் தம்பி,
லினாஸ்